பிரிக்ஃபீல்ட்ஸ் லெந்து கால வகுப்பு: மன்னிப்புக்கு விலை கொடுப்பவர் யார்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள தமிழ்ச் சபை ஒன்று இவ்வாண்டு லெந்து காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) புதன்கிழமை மாலைகளில், மன்னிப்பையும் பாவநிவாரணத்தையும் பற்றி ஆறு வகுப்புகளை நடத்தியது. குறைகளையும் எழுதவிருப்பதால் சபையின் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் 30 வெள்ளி (ரிங்கிட்). கையேடும், வகுப்புக்கு முன் தேநீரும் கறிபாப்பும் அதில் அடக்கம். வசனங்களை அடுக்கிக் காட்டி ஜெபத்தோடு முடித்துவிடும் வகுப்புகளுக்குப் பழகிப்போன நமக்கு, விசுவாசிகள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதை விடாமல் பிடித்திருந்த இந்த வகுப்பு நல்ல மாற்றம். அடுத்த ஆண்டும் நடத்தினால் சேரலாம் என்றே பரிந்துரைக்கிறேன், ஒரு பெரிய குறை இருந்தபோதிலும்.

அந்தக் கேள்வி இதுதான். தேவன் மன்னிக்கிறவர் என்றால் சிலுவை எதற்கு? சிலுவையில் நம் கடன் செலுத்தப்பட்டுவிட்டது என்றால், செலுத்தி முடித்த கடனை மன்னித்ததாக எப்படிச் சொல்வது? 1594ஆம் ஆண்டில் வெளியான நூலிலேயே ஃபௌஸ்தோ சோசினி என்ற இத்தாலியர் இதை எழுப்பி, திருச்சபைகளின் கோபத்துக்கு ஆளானார். கடன் செலுத்தப்படாமலே தேவன் மன்னிக்கலாம் என்ற அவருடைய முடிவை ஏற்காவிட்டாலும் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது என்று போதகர் முதல் நாளே அறிவித்தது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வகுப்பு பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளைப் பற்றியது. ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒரே முறை திரைக்கு உட்புறம் போய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் இரத்தம் தெளிப்பதையும், இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களில் ஒன்று பலியாக, மற்றொன்றின் தலையில் ஜனங்களின் அக்கிரமங்கள் அறிக்கையிடப்பட்டு அது வனாந்தரத்துக்கு அனுப்பப்படுவதையும் போதகர் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் வகுப்பில் அன்செல்ம் வந்தார். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரியின் பேராயராக இருந்த அவர், தேவனுக்குரிய கனத்தை, அதாவது மரியாதையை, மனிதன் கொடுக்காமல் வைத்திருப்பதே பாவம் என்றும், அந்தக் கடனைச் செலுத்த வேண்டியவன் மனிதன், செலுத்த வல்லவரோ தேவன் மட்டுமே, ஆகவே தேவனே மனிதனாக வர வேண்டியிருந்தது என்றும் வாதிட்டவர். இந்த வாதத்தைக் கரும்பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டியது நன்றாக இருந்தது. கிறிஸ்துவின் அன்பே நம் மனத்தைத் திருப்புகிறது என்று வலியுறுத்திய பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டுக்கும், பாவத்தையும் மரணத்தையும் வென்ற வெற்றியாகச் சிலுவையைப் பார்க்க வேண்டும் என்று 1930இல் எழுதிய சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்டாஃப் ஆலெனுக்கும் சேர்த்து ஒரே மாலைதான் கிடைத்தது. அபெலார்டைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தது அநியாயம்.

வகுப்பின் உச்சம் மத்தேயு 18ஆம் அதிகாரத்தைப் பேசிய நான்காம் மாலை. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை ராஜா மன்னித்துவிடுகிறான். வெளியே போனவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி என்று சொல்லிவிட்டு, மலேசியாவின் 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 26 வேலை நாளுக்குப் பங்கிட்டு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி என்று போதகர் கணக்குப் போட்டார். முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. நம் பணத்தில் 390 கோடி வெள்ளி அளவில் வரும். இரண்டாவது கடன் 6,500 வெள்ளி. பெரிய எண்ணைக் கண்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் 6,500 வெள்ளி என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அது அந்த அறையில் இருந்த பலருக்கு யாரோ ஒருவர் உண்மையாகவே திருப்பித் தராத தொகை. மன்னிக்க மறுத்தவன் அற்பக் காசுக்காகச் சண்டையிட்டான் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது அற்பக் காசு அல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிட்டது.

அப்போது பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், தாம் பல ஆண்டுகள் கூட்டு (பலர் மாதாமாதம் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சீட்டு) பிடித்தவர் என்று சொல்லிப் பேசத் தொடங்கினார். (கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும், அன்று யாரும் அதைக் கிளறவில்லை.) முதலிலேயே தொகையை எடுத்துக்கொண்ட ஒருவர் பிறகு மாதத் தவணை கட்டாமல் காணாமல் போய்விட்டாராம். மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைத் தம் நகையை அடகு வைத்துக் கொடுத்ததாக அந்த அம்மா சொன்னார். “பாஸ்டர், நான் அவளை மன்னிச்சிட்டேன். ஆனா மன்னிச்சிட்டேன்னு சொன்னதால அந்தக் காசு எங்கிருந்தும் வந்துடல. நான்தான் கட்டினேன்.”

போதகர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா, சோசினிக்கு நான் சொல்ல நினைத்த பதிலை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்” என்றார். மன்னிக்கும்போது இழப்பு மறைந்துவிடுவதில்லை, மன்னிக்கிறவர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். தேவன் வேறொருவரிடம் கடனை வசூலித்துக்கொண்டு நம்மை விட்டுவிடவில்லை, குமாரனில் தாமே அதைச் சுமந்தார் என்று அவர் தொடர்ந்து விளக்கினார். பிதா கோபமாகவும் குமாரன் இரக்கமாகவும் எதிரெதிரே நிற்பதுபோல் சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த பலருக்கு அந்த அரை மணி நேரமே போதும். முழுக் கட்டணமும் அதற்கே தகும்.

இனி குறை. அதே அம்மா தொடர்ந்து கேட்ட இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. ஓடிப்போனவர் இப்போது வேறொரு சபையில் இரட்சிக்கப்பட்டு, ஆண்டவர் தம் பழைய பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொல்கிறாராம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அப்போ என் காசு?” என்று அவர் கேட்டபோது, கசப்பை மனத்தில் வைத்திருக்கக் கூடாது என்ற வழக்கமான ஆலோசனையோடு வகுப்பு கலைந்தது. இத்தனைக்கும் பதில் அவர்கள் கையிலிருந்த லேவியராகமத்திலேயே இருக்கிறது. ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறனை ஏமாற்றியவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனிடம் சேர்க்க வேண்டும் என்றும், குற்றநிவாரண பலியாக ஆட்டுக்கடாவையும் கொண்டுவர வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவும் இரட்சிப்பைப் பெற்ற அதே வீட்டில் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றுதான் சொல்கிறான். பதினாறாம் அதிகாரத்துக்கு ஒரு முழு மாலையைக் கொடுத்தவர்கள் ஆறாம் அதிகாரத்தைத் தொடவேயில்லை என்பதால், சிலுவை தவறு செய்தவரின் கடனை மட்டும் ரத்துசெய்துவிட்டு, தவறுக்கு ஆளானவரைத் தனியே நிறுத்துவதுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது.

கடைசி வகுப்பில், அடிக்கும் கணவனை மன்னித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்று ஓர் இளம்பெண் எழுதிக் கேட்டிருந்தார். மன்னிப்பு வேறு, ஒப்புரவாகுதல் வேறு. மனந்திரும்பாதவனிடம் திரும்பிப் போகும்படி வேதம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று போதகர் சொன்னது சரியான பதில், துணிச்சலான பதிலும்கூட. ஆனால் அதற்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கு) மன்னிப்புப் பெற்ற பிறகும் குருவானவர் ஏன் பரிகாரம் விதிக்கிறார் என்று விருந்தினராக வந்திருந்த கத்தோலிக்கர் ஒருவர் விளக்க முன்வந்தபோதும் நேரமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் ஏழாவது வகுப்பு தானாகவே உருவாகியிருக்கும்.

மற்றவை சிறிய விஷயங்கள். கையேட்டின் நகல் மங்கலாக இருந்தது. குளிர்சாதனம் அளவுக்கு மீறிக் குளிர்ந்ததால் மூத்தவர்கள் சால்வை கொண்டுவருவது நல்லது. மாலை ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. கேஎல் சென்ட்ரல்வரை ரயிலில் வந்து நடப்பதே எளிது. பதிவு ஞாயிறு ஆராதனைக்குப் பின் அலுவலகத்தில் நடக்கிறது, பிற சபையாருக்கும் தடையில்லை. சேருகிறவர்கள் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தை வீட்டிலேயே படித்துவிட்டுப் போய், முதல் வகுப்பிலேயே அதைக் கேளுங்கள்.