மின்மருந்துச்சீட்டா, மின்னணு மருத்துவப் பதிவேடா: அமெரிக்க மெடிகேரின் இரு ஊக்கத்தொகைகள்

2011-இல் அமெரிக்க மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்கள் முன் இரண்டு ஊக்கத்தொகைகள் இருந்தன: மருந்துச்சீட்டை மின்வழியே அனுப்புவதற்கு ஒன்று, நோயாளி விவரங்களை மின்னணுப் பதிவேட்டில் வைப்பதற்கு மற்றொன்று. ஒரே ஆண்டுக்கு இரண்டையும் மெடிகேரிடம் பெற விதி இடந்தரவில்லை.

தொகை: மின்மருந்துச்சீட்டுத் திட்டம் மெடிகேர் கட்டணத்தில் 2009, 2010 ஆண்டுகளில் 2 விழுக்காடு தந்து, 2011-இல் 1 விழுக்காடாகக் குறைந்தது, அதாவது 1,00,000 டாலர் கட்டணத்துக்கு வெறும் 1,000 டாலர். பதிவேட்டுத் திட்டமோ ஐந்தாண்டுகளில் 44,000 டாலர் வரை தந்தது. முதலாண்டிலேயே 18,000 டாலர் வரை கிடைத்தது.

உழைப்பு: முன்னதற்கு ஆண்டில் 25 முறை மின்வழிச் சீட்டு அனுப்பி, ஒவ்வொரு முறையும் கட்டணக் கோரிக்கையில் ஜி8553 என்னும் குறியீட்டை இட்டால் போதும். பின்னதற்குச் சான்றளிக்கப்பட்ட மென்பொருள் வேண்டும்; மின்வழியே அனுப்ப அனுமதிக்கப்பட்ட மருந்துச்சீட்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் அவ்வழியே செல்ல வேண்டும்; ஒவ்வாமைப் பட்டியல் முதல் புகைப்பழக்கக் குறிப்பு வரை பதிவாக வேண்டும்.

தண்டம்: நிபந்தனையை நிறைவேற்றாதவர்களின் மெடிகேர் கட்டணத்தில், சீட்டுத் திட்டத்தில் 2012-இலேயே 1 விழுக்காடு பிடித்தம் தொடங்கியது, பதிவேட்டுத் திட்டத்தில் 2015-இல்தான்.

ஓய்வை நெருங்கிய, தனியாகச் சிகிச்சையகம் நடத்திய மருத்துவருக்குச் சீட்டுத் திட்டமே பொருந்தியது. நீண்ட காலம் தொழில் செய்யவிருந்தவர், மென்பொருள் செலவையும் தொடக்கக்காலத் தடுமாற்றத்தையும் தாங்க முடிந்தால், பதிவேட்டைத் தேர்ந்திருப்பதே சரி என்பது என் கணிப்பு.