'உங்கள் செல்லப் பறவையை நீங்களே வரையலாம்' வகுப்பு: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

இன்ஸ்டாகிராமில் இப்போது அடிக்கடி வரும் விளம்பரம் இது. வீட்டுப் பறவையைப் பென்சிலில் வரையக் கற்றுத் தருகிறார்களாம். நேரலை வகுப்பு, ஒவ்வொருவர் படத்தையும் ஆசிரியரே திருத்துவார் என்று வாக்குறுதி. கட்டணம் 1,499 ரூபாய், பென்சில் செட்டுக்குத் தனியாக 650. கொளத்தூர் மார்க்கெட்டில் வாங்கிய லவ் பேர்ட்ஸ் ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆண் பறவையையாவது வரைந்து ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்று சேர்ந்தேன்.

நேரலை என்று வந்தது எப்போதோ பதிவு செய்த வீடியோ. அதுகூடப் பரவாயில்லை. வீடியோ தொடங்கும்போதே பாதிப் பறவை பேப்பரில் உட்கார்ந்திருக்கிறது! உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், கண்ணும் அலகும் எங்கே வரும் என்று காட்ட ஒரு நடுக்கோடு, எல்லாவற்றையும் 2எச் பென்சிலால் (கெட்டியானது, கோடு மங்கலாக விழும்) அழுத்தாமல் போட்டுப் பார்ப்பது. கஷ்டமே அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் காட்டவில்லை. கண்ணில் வெளிச்சம் படும் புள்ளிக்கு முதலிலேயே இடம் விட வேண்டும், இறகுகளை ஒவ்வொன்றாக இழுக்காமல் தொகுதி தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சிலேயே இல்லை. கேட்டால், "பிரிண்ட் எடுத்து, கார்பன் வச்சு டிரேஸ் பண்ணிக்கோங்க" என்று பதில். டிரேஸ் பண்ணவா காசு கட்டினோம்?

அப்புறம்தான் விளம்பரத்தில் 'மாணவர்கள் வரைந்தவை' என்று போட்டிருந்த படங்களை உற்றுப் பார்த்தேன். கிளி இனத்துக்குக் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். காக்கை, மைனாவுக்குத்தான் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அந்தப் படங்களில் லவ் பேர்ட்ஸுக்கு மைனாவின் கால்! ஒன்றில் ஐந்து விரல். பறவையைப் பார்த்து வரைகிற எவருக்கும் இப்படி வராது. ஏஐ போட்ட படங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பென்சில் செட் இன்னொரு கூத்து. மங்கலான 2எச் முதல் மென்மையான, நல்ல கறுப்பான 8பி வரை அச்சடித்திருக்கிறது, கிறுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். 8பி என்றால் விரலால் தேய்த்ததும் கரி மாதிரி அப்ப வேண்டும். இது பேப்பரைக் கீறுகிறது. இதற்குக் கடையில் நாலு பென்சில் உதிரியாக வாங்கியிருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் விரல் கணக்கைக் கேட்டேன். பதில் வரவில்லை, என்னைத்தான் குழுவிலிருந்து நீக்கினார்கள். 'செட்டைப் பிரித்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது' என்று தனியாக ஒரு மெசேஜ். பிரிக்காமல் எப்படி வரைவதாம்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வைத்திருந்தது உதவியது. குழுவை விட்டு நீக்கினால் பழைய மெசேஜைத் தேடுவது தலைவலி, அதையும் முன்கூட்டியே சேமித்துவிடுங்கள்.

இதே மாதிரி வகுப்பில் சேர நினைப்பவர்கள், உங்கள் பறவையின் போட்டோவை அனுப்பி, வெள்ளைப் பேப்பரிலிருந்து பத்து நிமிடம் வீடியோ காலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.