எச்சரிக்கை: இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தும் ட்யூப்

ரங்கூனில் பயறு மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் இந்த மழைக்கு ஏமாந்த கதை இது. ஆனியில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. மருந்துக்கடையில் க்ளோட்ரிமசோல் கேட்டார். கைக்கு வந்த ட்யூப்பில் இருந்ததோ க்ளோபெட்டசோல். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. முதலாவது பூஞ்சை மருந்து. இரண்டாவது ஸ்டீராய்டு, அதிலும் களிம்புகளிலேயே ஆக வீரியமானது. “ரெண்டு நாள்ல நின்னுடும்ண்ணே, நிக்கலன்னா காச திருப்பி வாங்கிக்குங்க” என்றாராம் கடைக்காரர்.

நின்றது. வினையே அதுதான்.

சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையோடு மல்லுக்கட்டுவதால் வருகின்றன. ஸ்டீராய்டு அந்த மல்லுக்கட்டை அடக்கிவிடும். பூஞ்சை சாகாது, தடையில்லாமல் பரவும். ட்யூப் தீர்ந்த சில நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி கடை, மறுபடி அதே ட்யூப். ஆவணிக்குள் தொடை இடுக்கு, பிட்டம், இடுப்பு என்று படர்ந்துவிட்டது. வீட்டில் மனைவிக்கும் பிள்ளைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது ட்யூப் கேட்டு வருகிறவரைப் பார்த்த பிறகும் கடைக்காரருக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? அவர் அடுத்துக் கொடுத்தது பெயரில்லாத மாத்திரைகளைக் கலந்து கட்டிய பொட்டலம். இப்படிப்பட்ட பொட்டலங்களிலும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு.

இதே பூஞ்சை உடம்பில் படர்ந்தால் படர்தாமரை. அது வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பூசினால் அந்த ஓரம் அழிந்துபோகும். டாக்டரே கரப்பான் (எக்ஸிமா) என்று நினைக்க இடமுண்டு. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பிரசவக் கோடு போல வரிவரியாக விழும். அந்த வரி பிறகு போகாது.

ட்யூப் வாங்கும்போது சதவீதத்தைப் பாருங்கள். க்ளோட்ரிமசோல் 1, டெர்பினாஃபின் 1, மைக்கோனசோல் 2. ஸ்டீராய்டுகள் பெரும்பாலும் 0.025, 0.05, 0.1 என்று இருக்கும் (ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் 1 என்று வந்து குழப்பும்). க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன்: இதில் ஒரு பெயர் இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். “மூணு மருந்து ஒண்ணா இருக்கு, நல்லா கேக்கும்” என்று நீட்டுவதில் மூன்றாவது அநேகமாக இதுதான்.

சரியான மருந்து மெதுவாகத்தான் கேட்கும். காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி, ஈரமே இல்லாத பிறகு பூச வேண்டும். க்ளோட்ரிமசோல் காலை மாலை இரு வேளை, 4 வாரம். கண்ணுக்கு ஆறிவிட்டாலும் மேலே 2 வாரம். விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாஃபின் களிம்பு பல நேரம் 1 வாரத்திலேயே போதும். புண்ணின் மேல் மட்டும் தடவாமல் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். வேளைக்கு அவ்வளவு என்றால் 15 கிராம் ட்யூப் 15 நாளில் தீர்ந்துவிடும். 4 வாரத்துக்கு இரண்டு வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

காலில் இருக்கும்போது கைலியைக் கால்வழியாக ஏற்றாதீர்கள், தலைவழியாகப் போடுங்கள். காலில் இருப்பது தொடைக்கு ஏறுவது இப்படித்தான். கால் துடைக்கத் தனித் துண்டு. துணியைக் கொதிநீரில் அலசி, மழையில் வெயில் கிடைக்காவிட்டால் தையல் மடிப்புகளை இஸ்திரி போடுங்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லாரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைத்துப் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், படை போகாது.

நகத்திலோ தலைமுடிக்குள்ளோ பிடித்தால் களிம்பு போதாது; மாத்திரை தேவைப்படும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் விரல் இடுக்கு வெடித்து, கால் சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம், படைக் களிம்பைப் போட்டு நாளை வீணாக்காதீர்கள். டெர்பினாஃபினுக்குப் பல நேரம் அடங்காத பூஞ்சை ஒன்றும் தெற்காசியாவில் பரவியிருக்கிறது. ட்ரைகோஃபைட்டன் இண்டோடினியே என்று 2020இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒழுங்காகப் பூசியும் 4 வாரத்தில் அசையவில்லை என்றால் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசியவர்கள் நிறுத்தினால் சில நாள் சிவந்து எரியும். பயந்து பழைய ட்யூப்பைத் தொடாதீர்கள். ஆனால் பொட்டல மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடம்பு திடீரென்று தளர்ந்து மயங்கி விழும் அபாயம் உண்டு. மிச்ச மாத்திரையையும் காலி ட்யூப்பையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.