பட்டனா, சிப்பியா, பால் காளானா: உடம்புக்கு எது நல்லது?

கடையில் காளான் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பட்டன் காளான் டப்பாதான். பக்கத்திலேயே சிப்பிக் காளான் பாக்கெட் இருந்தாலும் பலர் அதைத் தொடுவதில்லை. ஆரோக்கியத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் என் ஓட்டு சிப்பிக்குத்தான்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கலோரி, கொழுப்பு, சோடியம் மூன்றுமே குறைவு. இது எல்லா வகைக்கும் பொருந்தும். ஆனால் ‘சைவக் கறி’ என்று புரதத்துக்காகக் காளானை நம்பிவிடாதீர்கள். 100 கிராம் பச்சைக் காளானில் சுமார் 3 கிராம் புரதம்தான். அதே அளவு வேகவைத்த கொண்டைக்கடலையில் 8 கிராமுக்கு மேல் இருக்கிறது. அதனால் காளான் குழம்பு வைக்கும் நாளிலும் ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கட்டும்.

பட்டனையும் சிப்பியையும் நேருக்கு நேர் வைத்தால், 100 கிராம் பட்டனில் நார்ச்சத்து சுமார் 1 கிராம், சிப்பியில் 2 கிராமுக்கு மேல். பொட்டாசியம் பட்டனில் ஏறக்குறைய 320 மில்லிகிராம், சிப்பியில் 420. நயாசின் என்ற பி3 வைட்டமினிலும் சிப்பியே முந்துகிறது. கொலஸ்ட்ராலைக் கட்டுப்படுத்த உதவும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும், எர்கோதியோனின் என்ற ஆன்டி-ஆக்ஸிடன்டும் சிப்பியில்தான் கூடுதல். செலினியம் என்ற தாதுச்சத்தில் பட்டன் முந்தும். பட்டனைப் பச்சையாக சாலட்டில் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அதிலுள்ள அகாரிட்டின் என்ற வேண்டாத பொருள் சமைக்கும்போது பெருமளவு குறைந்துவிடும்.

சிப்பியின் பலவீனம், சீக்கிரம் வாடிவிடுவது. ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தாலோ, பாக்கெட்டின் அடியில் தண்ணீர் கோத்திருந்தாலோ வாங்காதீர்கள். வைக்கோலில் வளர்வதால் ஊர்ப்பக்கம் சின்னக் குடில் போட்டே நிறையப் பேர் வளர்க்கிறார்கள். அருகில் அப்படி ஒருவர் இருந்தால் அன்று பறித்ததையே வாங்கலாம்.

நம் வெயிலுக்கென்றே அமைந்தது பால் காளான். பட்டனுக்குக் குளிர் வேண்டும். இது 30 டிகிரிக்கு மேலும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் இதில் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. தண்டு கெட்டி, சிப்பியைவிடச் சில நாள் கூடுதலாகத் தாங்கும், பிரியாணியில் குழையாது. வாரம் ஒரு முறைதான் கடைக்குப் போவீர்கள் என்றால் இதை எடுங்கள்.

அப்புறம் வைட்டமின் டி. இருட்டறையில் வளர்ந்த காளானில் அது மிகக் குறைவு. ஆனால் காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். உச்சி வெயிலில் அரை மணி நேரம், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக உள்ள பக்கம் மேலே பார்க்கும்படி பரப்பி வைத்தால் போதும். அந்த மடிப்புப் பக்கம் அகலமாக உள்ள சிப்பிக்கு இது சுலபம். பட்டனை நறுக்கி வைக்க வேண்டும்.

கவுட் (யூரிக் அமிலம் கூடுவதால் வரும் மூட்டு வலி) உள்ளவர்கள் அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு முளைத்த காளானை அடையாளம் தெரியாமல் யாரும் சமைக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் ‘காளான் 65’ செய்தால் பாதிப் பலன் எண்ணெயிலேயே போய்விடும். ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும். சூடான வாணலியில் எண்ணெயில்லாமல் போட்டு, விடும் தண்ணீர் வற்றியதும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், மிளகுத்தூள், கறிவேப்பிலை சேர்த்துப் புரட்டி இறக்குங்கள்.