மாதம் இரண்டு முறை சென்னை–டெல்லி: வரிசையில் நின்றே கற்றுக்கொண்டவை

2019 கடைசியில் எங்கள் கம்பெனிக்கு டெல்லியை ஒட்டிய குருகிராமில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். அன்றிலிருந்து, கொரோனா முடக்கக் காலம் போக, மாதத்துக்கு இரண்டு தடவையாவது மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறேன். டிக்கெட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம் என்று இருக்கும். வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே அறைக் கதவைத் திறப்பது வரை கணக்குப் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை.

முதலில் வரிசை. வெப் செக்-இன் செய்துவிட்டால் நிற்கவே வேண்டாம் என்பார்கள். கையில் 7 கிலோ பை மட்டும் என்றால் சரி, நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடலாம். பெட்டி போட வேண்டுமென்றால் அதே கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். ‘பேக் டிராப்’ என்று பலகை வைத்த வரிசை, வெள்ளிக்கிழமை மாலையில் சாதாரண வரிசையைவிட நீளமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லோருமே வீட்டிலேயே செக்-இன் செய்துவிட்டு வருகிறார்களே!

அதைவிட முக்கியம், முன்னால் நிற்பவர் யார் என்பது. தனியாக லேப்டாப் பையோடு நிற்கும் பத்துப் பேர் பின்னால் நிற்கலாம். ஒரு கல்யாணக் குடும்பத்தின் பின்னால் நிற்கக் கூடாது. ஒருநாள் எனக்கு முன்னால் அப்படி ஒரு குடும்பம். பெட்டி 19 கிலோ காட்டியது, அனுமதி 15. தரையிலேயே பெட்டியைத் திறந்து, முறுக்கு டின், புடவைப் பொட்டலம், ஒரு ஊறுகாய் பாட்டில் என்று ஒவ்வொன்றாகக் கைப்பைக்கு மாற்றினார்கள். மாற்றி முடிக்க கால் மணி நேரம். அப்புறம் பாதுகாப்புச் சோதனையில் பார்த்தால் அதே குடும்பம் எனக்கு முன்னால் மறுபடி நிற்கிறது. மிளகாய் ஊறுகாயைக் கையோடு கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். “தம்பி, நீங்க கொஞ்சம் ஹிந்தியில சொல்லுங்களேன், வீட்டுல போட்டதுன்னு” என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. சொன்னேன். காவலர் சிரித்தார், பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

முகத்தை வைத்தே ஆளை அடையாளம் காணும் டிஜி யாத்ரா வசதி 2022 டிசம்பரில் டெல்லியில் வந்தபோது நான் முதல் ஆட்களில் ஒருவன். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். ஆரம்பத்தில் சொர்க்கம். இப்போது பாதிப் பேர் அதில் இருப்பதால், சில சமயம் அடையாள அட்டை காட்டிப் போகும் பழைய வரிசைதான் காலி. இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது. எப்படிப் போனாலும் ட்ரே வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். பையிலிருந்து சார்ஜர், பவர் பேங்க், லேப்டாப் மூன்றையும் வெளியே எடுக்க மறந்தால் ட்ரே தனியாக ஒதுங்கிவிடும். பத்து நிமிடம் போச்சு.

உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் போகிறேன், பெட்டி இருந்தால் இரண்டரை. இதற்கு மேல் வரிசையைப் பற்றிப் புலம்புவதை விட்டுவிட்டேன். நேரத்தோடு கிளம்பினால் சமாளித்துவிடலாம்.

தாமதம் அப்படியல்ல. நாம் ஏறப்போகும் விமானம் காலையிலிருந்து நான்கைந்து ஊர் சுற்றிவிட்டு வருகிறது. காலை 8 மணிக்கு எங்கோ விட்ட 20 நிமிடம், மாலைக்குள் குட்டி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஆனால் திரையில் ‘சரியான நேரம்’ என்றே இருக்கும். ஆகையால் நான் திரையை நம்புவதில்லை. ஃப்ளைட்ரேடார்24-இல் நமக்கு வர வேண்டிய விமானம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். 7 மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஆறேகாலுக்கு நாக்பூர் மேல் பறந்துகொண்டிருந்தால், 7 மணிக்கு அது எப்படிக் கிளம்பும்? நிதானமாக டீ குடிக்கப் போய்விடுவேன். விமான நிலையத்தில் 10 ரூபாய்க்கு டீ கிடைக்கும் உடான் யாத்ரி கஃபே 2025-இல் சென்னைக்கு வந்தது, இந்தப் பயணங்களில் கண்ட பெரிய முன்னேற்றம் என்று அதைத்தான் சொல்வேன்.

ஒருமுறை ஒரு விமான நிறுவனம் தாமதத்தைத் தவணை முறையில் கொடுத்தது. முதல் குறுஞ்செய்தி 40 நிமிடம். அப்புறம் இன்னும் 50. அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனதும் சாப்பாடு கேட்டேன். கவுன்ட்டர் பெண் பணிவாக, “சார், இந்த ரூட்டுக்கு மூணு மணி நேரம் ஆகணும்” என்றார். வீட்டுக்கு வந்து, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதியைப் படித்தேன். அவர் சொன்னது சரி. பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள தடங்களுக்கு இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். இரண்டரைக்கு மேல், ஐந்து மணி வரை என்றால் மூன்று மணி நேரம். பெங்களூருக்குப் போகிறவனுக்கு முன்பே பசிக்கும் போலிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். தாமதத்துக்கென்று ரொக்கமாக இழப்பீடு எதுவும் இல்லை. ரத்தானால்தான் அந்தப் பேச்சு, அதிலும் வானிலை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

வானிலை என்றதும் டெல்லிப் பனிமூட்டம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய, விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி தெரியாது. 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கும் வசதி அங்கே ஓடுபாதையில் உண்டு. ஆனால் விமானத்துக்கும் அந்தக் கருவி இருக்க வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினாலும் விமானங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டிவிடுவதால் வரிசை நீண்டுகொண்டே போகும். இங்கே தரையில் நாம் நிற்பது மாதிரி, மேலே அவை வட்டமடிக்கும்.

அதனால் என் கணக்கு இது: சென்னையிலிருந்து போகும்போது முதல் விமானம். இரவே வந்து நிற்கும் விமானமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், வேறு ஊரின் தாமதத்தைச் சுமந்து வராது. ஆனால் குளிர்காலத்தில் அதுவும் டெல்லிப் பனிக்குள்தான் போய் விழும், ஆகவே அந்த இரண்டு மாதமும் 10 மணிக்கு மேல். திரும்பும்போதும் மத்தியானம்தான், மூட்டம் கலைந்து, காலைத் தேக்கமும் கொஞ்சம் கரைந்திருக்கும். கட்டணம் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் கம்பெனியிடம் சண்டை போட்டு வாங்கிவிடுவேன்.

நம் ஊரும் ஒன்றும் லேசுப்பட்டதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயலுக்கு ஓடுபாதையையே மூடினார்கள். டெல்லிக்காரர்களிடம் பனியைப் பற்றிக் கிண்டல் பேசிக்கொண்டிருந்த என்னை வாயடைக்க வைத்தது 2018 போகி. பழைய பாயும் டயரும் எரித்த புகையில் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று நான் பயணி இல்லை, மாமாவை அழைத்துவரப் போய், காலை முழுக்க வெளியே கண் எரிய நின்றேன்.

இந்த முறை பொங்கலுக்கு டெல்லியிலிருந்து ஊர் திரும்புவது போகியன்று. டிக்கெட் மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் போட்டிருக்கிறேன்.