சுவிட்ச்சா, ஸ்டீம் டெக்கா?

கோவையிலிருந்து ஈரோட்டுக்கு நாள்தோறும் ரயிலில் சென்றுவருபவர் கையடக்கக் கேம் கருவி வாங்க எண்ணினால், 2017இல் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச், 2022இல் வந்த ஸ்டீம் டெக் ஆகிய இரண்டுக்கும் இடையே தயங்குவது இயல்பு. எடையில் சுவிட்ச்சே மேல்: ஏறத்தாழ 400 கிராம், டெக்கோ 669 கிராம்.

ஆனால் நீண்ட காலச் செலவைத் தீர்மானிப்பது விளையாட்டுகளின் விலையே. டெக்குக்கான விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை குறிக்கப்படுவதோடு, தள்ளுபடிக் காலங்களில் பழைய விளையாட்டுகள் பெருமளவு மலிந்துவிடுகின்றன. நிண்டெண்டோவின் சொந்தப் படைப்புகளோ ஆண்டுகள் கடந்தும் விலை இறங்குவது அரிது. எனினும், சுவிட்ச் கார்ட்ரிட்ஜை, அதாவது விளையாட்டு அடங்கிய சிறு அட்டையை, விளையாடி முடித்தபின் விற்றுவிடலாம்; ஸ்டீமில் வாங்கியதை விற்க வழியே இல்லை. காசு கொடுத்தவருக்கு அந்த உரிமையை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் நிண்டெண்டோவின் மாரியோ, செல்டா விளையாட்டுகள் கட்டாயமில்லை என்பவருக்கு, கணினிக்காக முன்பே வாங்கியவற்றில் பலவற்றை இயக்கும் டெக்கையே பரிந்துரைப்பேன்.