புசூக்கியா, ஆக்டேவ் மேண்டலினா? இரண்டையும் பல வருடம் வாசித்த அனுபவம்

மேண்டலின் ஓரளவு கைவந்த பிறகு, இன்னும் கீழ் ஸ்தாயியில் கனமாக ஒலிக்கிற வாத்தியம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் புசூக்கி, ஆக்டேவ் மேண்டலின் என்ற இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள். இரண்டும் ஜோடி ஜோடியாகத் தந்தி கட்டிய, மேண்டலினைவிட நீளமான வாத்தியங்கள். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் பல வருடமாக விடாமல் வாசிக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெட்டு வாசிக்க ஆக்டேவ் மேண்டலின், பாட்டுக்குத் துணையாக வாசிக்கப் புசூக்கி. மரம், வடிவம், அலங்காரம் எல்லாம் அப்புறம்தான்.

நான் புசூக்கி என்று சொல்வது ஐரிஷ் புசூக்கியை. கிரேக்கப் புசூக்கி தனி உலகம். அதன் பின்புறம் குடமாகக் குவிந்திருக்கும். மூன்று ஜோடித் தந்தி உள்ளதை டி-ஏ-டி (மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள், கீழ்த் தந்தியிலிருந்து மேல் நோக்கி) என்று சுருதி சேர்ப்பார்கள். 1950களில் கிரேக்கக் கலைஞர் மனோலிஸ் ஹியோட்டிஸ் பிரபலமாக்கிய நான்கு ஜோடி வகைக்கு சி-எஃப்-ஏ-டி. கிரேக்கப் புசூக்கியை 1960களில் ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தவர் ஐரிஷ் கலைஞர் ஜானி மொய்னிஹான். இன்று பலரும் வைத்துக்கொள்ளும் ஜி-டி-ஏ-டி சுருதியும் அவர் வழியாக வந்ததுதான். பிறகு இன்னொரு ஐரிஷ் கலைஞர் டோனல் லன்னி, குடம் இல்லாத புசூக்கி ஒன்றை வாத்தியம் செய்பவரான பீட்டர் ஆப்னெட்டிடம் சொல்லிச் செய்துகொண்டார். இப்போது ஐரிஷ் புசூக்கி என்ற பெயரில் விற்பவை அந்த வழியில் வந்தவை. கிரேக்க வாத்தியத்திலேயே ஐரிஷ் இசையை அற்புதமாக வாசித்த அலெக் ஃபின் போன்றவர்களும் உண்டு. ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஆக்டேவ் மேண்டலின் என்பது மேண்டலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, ஜி-டி-ஏ-ஈ. தெரிந்த விரல் பழக்கம் அப்படியே செல்லும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதையே ஆக்டேவ் மேண்டோலா என்றும் சொல்வார்கள். பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஒரே அளவு வாத்தியத்தை ஒருவர் புசூக்கி என்று விற்கிறார், இன்னொருவர் ஆக்டேவ் மேண்டலின் என்று விற்கிறார். நட்டிலிருந்து (கழுத்தின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) 12வது ஃபிரெட் (விரல் வைக்கும் பலகையிலுள்ள உலோக மெட்டு) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பதுதான் ஸ்கேல் நீளம், அதாவது ஒலிக்கிற தந்தியின் நீளம். 50 முதல் 58 செ.மீ. வரை என்றால் ஆக்டேவ் மேண்டலின் மாதிரி நடந்துகொள்ளும். 61 முதல் 68 வரை என்றால் புசூக்கி.

இந்தச் சில சென்டிமீட்டர் காகிதத்தில் சின்ன விஷயமாகத் தெரியும், கையில் அப்படி இல்லை. என் ஆக்டேவ் மேண்டலின் 53 செ.மீ., புசூக்கி 66 செ.மீ. ஐரிஷ் மெட்டுகளில் மேல் பி ஸ்வரம் அடிக்கடி வரும். ஈ தந்தியில் அது 7வது ஃபிரெட், சுண்டுவிரல் வேலை. ஆள்காட்டி விரல் 2வது ஃபிரெட்டில் இருக்க, சுண்டுவிரல் 7க்குப் போக 53 செ.மீ. வாத்தியத்தில் ஏறக்குறைய 118 மி.மீ. தூரம். 66 செ.மீ. வாத்தியத்தில் 147 மி.மீ. முதலாவது எட்டிவிடும். இரண்டாவதில் கையையே நகர்த்தியாக வேண்டும். ஜி-டி-ஏ-டி சுருதியில் அதே பி 9வது ஃபிரெட்டுக்குப் போய்விடுகிறது. வேகமான ரீல் (ஐரிஷ் நடன மெட்டு) ஒன்றைப் புசூக்கியில் முழுதாக வாசிக்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் விரலமைப்பை வேறுவிதமாக வகுத்துக்கொண்டவர்கள். மேண்டலின் பழக்கத்தோடு வந்தால் முதல் சில மாதம் மணிக்கட்டுதான் பேசும். வலித்தால் நிறுத்திவிடுங்கள், இதில் வீம்பு வேண்டாம்.

அப்படியானால் நீளமான வாத்தியம் எதற்கு? ஒலிக்காகத்தான். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், 53ஐ விட 66 செ.மீ.யில் இழுவிசை 55 சதவீதம் அதிகம். அதனால் புசூக்கிக்கு மெல்லிய தந்தி போதும். கீழ் ஜி தெளிவாக, மணியாக ஒலித்து நீண்ட நேரம் நிற்கும். குட்டை வாத்தியத்தில் அதே ஜிக்குத் தடித்த தந்தி வேண்டும். ஒலி இதமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் மூடினாற்போல. வேகமான மெட்டில் அதுவே நல்லது, ஏனென்றால் ஒரு ஸ்வரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்காது. நீண்ட ஸ்கேலில் ஈ சுருதி வைத்தால் தந்தி அறுந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். கிட்டாரின் முதல் தந்தியும் அதே ஈதான், நீளமும் கிட்டத்தட்ட அதேதான். 0.010 அங்குலத் தந்தி போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

புசூக்கியின் உயிர் ஜி-டி-ஏ-டியில் இருக்கிறது. மேல் டி திறந்தபடி ஒலித்துக்கொண்டே இருக்க, உள் தந்திகளில் மட்டும் விரல் அசைகிறது. ஜி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏ தந்தியின் 2வது ஃபிரெட்டில் ஒரே விரல். டிக்கு ஜி தந்தியின் 2வது ஃபிரெட்டில் ஒரே விரல், மற்றதெல்லாம் திறந்த தந்தி. அந்த டி கார்டில் எஃப் ஷார்ப், அதாவது டிக்கு அந்தர காந்தாரம், கிடையாது, அதனால் அது மேஜரும் (அந்தர காந்தாரம்) இல்லை மைனரும் (சாதாரண காந்தாரம்) இல்லை. தம்புரா ச-ப மட்டும் கொடுத்துவிட்டு, எந்தக் காந்தாரம் என்பதைப் பாடகரிடம் விடுகிற மாதிரி இதுவும் வழிவிடுகிறது. பாடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உடன் வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். பாட்டு வேறு கட்டையில் இருந்தால் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் முடிந்தது. 66 செ.மீ. வாத்தியத்தில் 5வது ஃபிரெட்டில் கேப்போ போட்டாலும் 49 செ.மீ. தந்தி மிச்சம் இருக்கும், ஒலி குறுகாது. 53 செ.மீ. வாத்தியத்தில் மிஞ்சுவது 40தான், பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டினது மாதிரி ஆகிவிடும்.

கீழ் இரண்டு ஜோடிகளில் ஒரு தந்தியை ஒரு ஸ்தாயி மேலே வைப்பது கிரேக்க வழக்கம். லன்னி இரண்டையும் ஒரே ஸ்தாயியில் வைத்தார். நானும் அப்படியே மாற்றிக்கொண்டேன். தனியாக வாசிக்கும்போது ஸ்தாயி ஜோடி மினுமினுப்பாக இருக்கிறது, சரி. ஆனால் கீழே இறங்கும் பேஸ் (கீழ் ஸ்தாயி) நடை எழுதினால், அது மேலேயும் இன்னொரு மெட்டாகக் கேட்டுப் பாட்டைக் குழப்புகிறது.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் குதிரை) ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தில் நிற்கிற வகை என்றால், எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நகர்ந்துவிட்டால் 12வது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அங்கே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றுபடும்வரை தள்ளிச் சரிசெய்யுங்கள். நுனியில் வளையம் உள்ள தந்தி செட் கிடைக்காதபோது கிட்டார் தந்தியை வாங்கி, நுனிக் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிடுவேன். மிஞ்சுவது வளையம்தான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது 56 முதல் 58 செ.மீ. ஆக்டேவ் மேண்டலின். மெட்டும் எட்டும். பாட்டு வந்தால் ஈ ஜோடியை எடுத்துவிட்டு கொஞ்சம் தடித்த தந்தி போட்டு டிக்கு இறக்கிக்கொள்ளலாம். முழுப் புசூக்கி ஒலி வராது, முக்கால்வாசி வரும். மெட்டே வாசிக்கமாட்டேன், பாடகருக்குத் துணைதான் என்று உறுதியாக இருப்பவர் மட்டும் நேராக 64 செ.மீ.க்கு மேல் உள்ள புசூக்கியைப் பாருங்கள். வாங்குமுன் கீழ் ஜியை மட்டும் தனியாக மீட்டி, அது அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள். அதன்பின் 12வது ஃபிரெட்டில் அழுத்திப் பார்த்து, அந்த ஜோடியின் இரண்டு தந்தியும் ஒரே சுருதியில் நிற்கிறதா என்று கவனியுங்கள்.